சிலேட்டில் சித்தி விட்ட ஓட்டை

என் சித்தி சத்தமாகப் பேசுவது கம்ப்யூட்டரோடு மட்டும்தான். "எந்திரிடா, ஏன் இப்படி முக்கறே, நேத்துதானே உன்னைத் தொடைச்சு வெச்சேன்" என்று பின்னறையிலிருந்து குரல் வரும். யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்போடு எட்டிப் பார்த்தவர்கள் உண்டு. மனிதர்களிடம் பேசும்போது அதே குரல் பாதியாகிவிடும். சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் ஏறியிருக்கும். பஸ்ஸில் சீட் கிடைக்காமல் மடியில் உட்கார்ந்துவிட்ட பல் என்று நான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன். அதைச் சொன்னாலும் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள்.

அவள் அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டிலேயே பின்னறையில் இருக்கிறாள். கல்யாணப் பேச்சு சில தடவை வாசல் வரைக்கும் வந்து, செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போயிற்று. கல்லூரியை இரண்டாம் வருஷத்தோடு விட்டாள். ஏன் என்று கேட்டால் அம்மா ஒரு காரணம் சொல்வாள், சித்தி வேறொரு காரணம் சொல்வாள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் சேர்ந்து கவிழ்த்த என்னைப் போன்றவளுக்கு இப்படி ஒரு சித்தி பெரிய ஆறுதல்.

பிரிண்டர் ரிப்பேர் பார்ப்பதுதான் அவள் தொழில். டைப்பிங் கடைகள், அச்சகங்கள், ஒரு வாரப் பத்திரிகை ஆபீஸ் என்று ஸ்க்ரூடிரைவர் பையோடு சுற்றுவாள். விரலில் எப்போதும் கறுப்பு மை. அந்தக் கடைகளில் இருந்ததெல்லாம் கிழட்டு மெஷின்கள். பெரிய சாஃப்ட்வேரைப் போட்டால் மூச்சு வாங்கும், எழுத்துகளின் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் ஓடும். "சித்தி, இதை வெச்சு எப்படி அடிக்கறது?" என்று டைப்பிஸ்டுகள் புலம்புவார்கள். பிரிண்டரைப் பார்க்கப் போனவள் அந்தப் புலம்பலையும் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு மழைக்காலம் முழுக்கப் பின்னறையில் உட்கார்ந்து ஒரு சாஃப்ட்வேர் எழுதினாள். எழுத்தை அடிக்கலாம், அழிக்கலாம், வேறெதுவும் செய்யாது. அதனால் சிலேட்டு என்று பெயர்.

சிலேட்டு பென் டிரைவ் ஏறிக் கடை கடையாகப் போயிற்று. சித்தி யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. ஊரில் அவளுக்குச் சிலேட்டுச் சித்தி என்று பெயர் நிலைத்துவிட்டது. அவளைவிட வயதில் பெரியவர்களும் "சித்தி, பக்க நம்பர் வர மாட்டேங்குது" என்று போன் செய்வார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியாது. வீட்டுக்குக் கொத்தமல்லி கொண்டு வருகிறவரிடம்கூட, "இந்த ஊர்ல டைப் அடிச்ச எந்தப் பேப்பரை வேணா எடுங்க, அதுல என் தங்கச்சி கை இருக்கும்" என்பாள். அவர் பொட்டலம் கட்டியிருக்கும் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

இப்போது சிலேட்டு ஃபைலின் முதல் வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேற்கொண்டு ஒன்றும் புரியாது.

ஒவ்வொரு தடவையும் எழுத்தின் அளவு, ஓரம் எல்லாம் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று டைப்பிஸ்டுகள் அலுத்துக்கொண்டார்கள். சித்தி ஒரு வழி செய்தாள். ஃபைலின் முதல் வரியை இரண்டு நட்சத்திரம் போட்டுத் தொடங்கி, வேண்டியதை அங்கே எழுதிவிட்டால் போதும். ஃபைலைத் திறக்கும்போது சிலேட்டு அதைப் படித்துத் தானே சரிசெய்துகொள்ளும். அந்த வரி திரையில் தெரியாது, அச்சிலும் வராது. எல்லோருக்கும் ஒரே குஷி. பிறகு ஒருவர் தேதி தானாக வர வேண்டும் என்றார். இன்னொருவர் நேற்றைய ஃபைலும் கூடவே திறக்க வேண்டும் என்றார். ஆளுக்கொன்று கேட்டார்கள். "ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா எழுதிட்டிருந்தா நான் எப்ப தூங்கறது?" என்று சொல்லி, முதல் வரியில் என்ன இருந்தாலும் அதை அப்படியே கம்ப்யூட்டரிடம் கொடுத்து 'செய்' என்று சொல்லும்படி சிலேட்டை மாற்றிவிட்டாள். யார் எழுதியது, என்ன எழுதியது என்று சிலேட்டு கேட்காது. வாசலைத் திறந்து வைத்துவிட்டு, வருகிறவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள்தானே என்று இருந்த மாதிரி. அப்போது வந்தவர்கள் சொந்தக்காரர்களாகத்தான் இருந்தார்கள். நாலைந்து கடை, பத்துப் பன்னிரண்டு டைப்பிஸ்ட், எல்லோருடைய முகமும் அவளுக்குத் தெரியும்.

அந்த வாசலில் முதலில் புகுந்த விஷமம் நான்தான்.

பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று பின்னறையில் உட்கார்ந்திருந்த ஒரு நாள், 'சித்தி அவசியம் பார்க்கவும்' என்று ஒரு ஃபைல் செய்து அவள் மெஷினில் வைத்தேன். முதல் வரியில் கால்குலேட்டரை நூறு தடவை திற என்று எழுதியிருந்தேன். அவள் வந்தாள், திறந்தாள். மழை விட்டதும் கிளம்பும் ஈசல் மாதிரி திரை முழுக்கக் கால்குலேட்டர். நான் கட்டிலில் விழுந்து உருண்டேன். சித்தியும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கை மட்டும் வாயிலேயே இருந்தது.

"அடியே, இதை என் மெஷின்லதான் வெச்சியா?"

"ஆமா. ஏன், மாடி வீட்டுக்கும் ஒண்ணு அனுப்பவா?"

"வேற யாராவது திறந்திருந்தா?"

"அவங்களுக்கும் நூறு கால்குலேட்டர். கணக்குல ஃபெயிலான என் சார்பா ஊருக்கு ஒரு அன்பளிப்பு."

"கால்குலேட்டருக்குப் பதிலா வேற ஏதாவது எழுதியிருந்தா?"

நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். "அதையும்தான் செஞ்சிருக்கும்" என்றேன்.

"வாயை மூடு" என்றாள் சித்தி. நான் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. இருந்தாலும் மூடிக்கொண்டேன்.

அந்த வாரமே ஓட்டையை அடைத்துப் புதிய சிலேட்டு செய்துவிட்டாள். இனி முதல் வரியில் எழுத்தளவும் ஓரமும் தேதியும் மட்டும்தான் செல்லும். வேறு என்ன எழுதியிருந்தாலும் கண்டுகொள்ளாது. வேலை சுத்தம். ஆனால் அதை எல்லோருக்கும் அனுப்பும்போது கூடவே ஒரு வரி எழுதினாள் பாருங்கள், அதில்தான் எல்லாம் கெட்டது: 'சில சிறு திருத்தங்கள் செய்யப்பட்டுள்ளன. நேரம் இருக்கும்போது மாற்றிக்கொள்ளவும்.'

"என்ன சித்தி இது? ஓட்டைன்னு சொல்லு. உடனே மாத்துங்கன்னு சொல்லு" என்றேன்.

"சொன்னா திருடனுக்கு நானே வழி காட்டின மாதிரி ஆயிடும். மாத்தாதவங்க எல்லாரும் மாட்டிக்குவாங்க."

அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி அவள் முகத்தில் இருந்தது. நான் விடாமல் பார்த்துக்கொண்டே நின்றதால் அதுவும் வெளியே வந்தது.

"இத்தனை வருஷமா ஓட்டைப் பானையையா குடுத்தேன்னு கேப்பாங்கடி. படிப்பைப் பாதியில விட்டவ செஞ்சது வேற எப்படி இருக்கும்னு சொல்லுவாங்க. உங்கம்மா கொத்தமல்லிக்காரர் மூஞ்சில எப்படி முழிப்பா?"

 படிப்பு பாதியில் நின்றவர்களைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்பதில் எனக்கும் கொஞ்சம் அனுபவம் இருந்தது.

சிறு திருத்தத்துக்காக யார் வேலையை நிறுத்துவார்கள்? ஒருவரும் மாற்றவில்லை. ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்க வேண்டும் என்று இருந்துவிட்டார்கள். சித்தியும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்று திருப்பிக் கேட்பார்களே.

சைக்கிள் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் ஒரு டைப்பிங் கடை. மூன்று கம்ப்யூட்டர். முதலாளி அவற்றைப் பொட்டி என்பார். பொட்டி ஏறிச்சு, பொட்டி படுத்துக்கிச்சு, பொட்டிக்கு என்ன கேடு. அங்கே டைப் அடிப்பவள் மெயில் அக்கா. மெயில் வண்டி மாதிரி நடுவில் எங்கேயும் நிற்காமல் அடிப்பதால் அந்தப் பெயர். கையெழுத்துப் பிரதியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, திரையையும் பார்க்காமல் விசைகளையும் பார்க்காமல், பக்கத்தில் இருப்பவரோடு வழக்கடித்துக்கொண்டே அடிப்பாள். பிழை வராது. தம்பியின் படிப்பும் அப்பாவின் மாத்திரையும் அந்த விரல்களில்தான் ஓடிக்கொண்டிருந்தன. சிலேட்டை முதன்முதலில் வாங்கிப் போட்டுக்கொண்டதும் அவள்தான். 'சித்தி, இது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகுது' என்று சொன்னவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றால் வரவில்லை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"சித்தி, உங்க சிலேட்டை நான் கெடுத்துட்டேன்" என்றாள்.

"என்னம்மா சொல்றே?"

"என்ன அழுத்தினேன்னு தெரியல. எல்லாம் போச்சு. கடையில அடிச்சு வெச்சிருந்தது மொத்தமும்."

உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டோம். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, தன் ஆய்வேட்டின் முதல் பகுதியை ஒரு பென் டிரைவில் கொண்டு வந்திருக்கிறாள். மிச்சத்தை இங்கே அடித்துத் தர வேண்டும். அக்கா அதைக் கடையின் ஃபோல்டரில் போட்டுத் திறந்தாள். திரை ஒரு தடவை சிமிட்டியது. அவ்வளவுதான். அந்த ஒரு ஃபைல் மட்டும் இருந்தது, மற்றதெல்லாம் காணோம். ஆய்வேடுகள், வக்கீல் மனுக்கள், யாரோ ஒருவரின் பாதிப் புத்தகம், எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருந்தவை. இன்னொரு பிரதி எடுத்து வைக்கலாம் என்று அக்கா பல தடவை சொல்லியிருக்கிறாள். "எதுக்கு, பொட்டி எங்கே ஓடிப் போகுது?" என்றிருக்கிறார் முதலாளி.

"பராக்குப் பாத்துக்கிட்டே அடிச்சா இப்படித்தான்னு சொல்றாரு. அடுத்த மாசத்திலேருந்து வேணாம்னுட்டாரு. அதுகூடப் பரவாயில்ல சித்தி. சொந்தமா ஒண்ணு எழுதி எங்களுக்குச் சும்மா குடுத்தீங்க. அதைப் போய் இப்படிப் பண்ணிட்டேனேன்னுதான்..." என்று சொல்லி அக்கா அழுதாள். "மன்னிச்சுக்குங்க சித்தி."

சித்தி அந்தப் பென் டிரைவை வாங்கித் தன் மெஷினில் செருகினாள். ஒளிந்திருக்கும் வரியையும் காட்டும்படி வைத்து அந்த ஃபைலைத் திறந்தாள். நான் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

முதல் வரி இப்படிச் சொன்னது: இந்த ஃபோல்டரில் இன்றைக்குத் தொடாத எல்லாவற்றையும் துடை. அதன் கடைசியில், கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத ஒரு மூலையில், கட்டளை எழுதியவர் தமாஷாக ஒரு குறிப்பு விட்டிருந்தார்: 'வீட்டைப் பெருக்கியாச்சு, நிம்மதியாத் தூங்கு.'

அப்படிக் குறிப்பு விடுகிற பழக்கம் எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்திக்குத்தான் உண்டு. வாரப் பத்திரிகை ஆபீஸில் கம்ப்யூட்டருக்கு இடம் பற்றாமல் தினமும் திணறிக்கொண்டிருந்தபோது, அவர்களுடைய அன்றாட ஃபோல்டரைச் சுத்தம் செய்யச் சித்தியே எழுதிக் கொடுத்த வரி அது. அங்கே அது பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் டைப் அடிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அவர்களிடம் புதிய ஃபைல் என்று எதுவும் பிறப்பதில்லை. பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து, உள்ளே இருப்பதை அழித்து, வேறு பெயர் கொடுத்து அதிலேயே அடிப்பார்கள். எழுத்தளவும் ஓரமும் தயாராக இருக்குமே. கண்ணுக்குத் தெரியாத முதல் வரி மட்டும் அழியாமல் பரம்பரைச் சொத்து மாதிரி அடுத்த ஃபைலுக்குப் போகும். அந்த மாணவி பகுதிநேரமாக வேலை பார்ப்பது அந்தப் பத்திரிகை ஆபீஸில்தான். அங்கேயே உட்கார்ந்து, அங்கே இருந்த ஒரு ஃபைலில்தான் தன் ஆய்வேட்டைத் தொடங்கியிருக்கிறாள்.

கெட்டவன் எவனும் வரவில்லை. சித்தி எழுதிய வரி, சித்தி திறந்து வைத்த வாசல் வழியாக, சித்தி கொடுத்த சாஃப்ட்வேரில் நுழைந்து, ஒரு கடையைத் துடைத்துப் போட்டுவிட்டது.

சித்தி நாற்காலியிலேயே இருந்தாள். காது மடல் சிவந்து போயிருந்தது. அந்த வரியின் மேல் சட்டென்று வேறொரு ஜன்னலை இழுத்து மூடினாள். அக்கா அங்கே பார்க்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

"பரவாயில்லம்மா" என்றாள் சித்தி. "விடு. நான் வந்து மீட்டுப் பாக்கறேன். அழாதே."

மன்னித்துவிட்டாள். என் சித்தி, மெயில் அக்காவை, மன்னித்துவிட்டாள். அக்கா அவள் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டு போனாள். வாசல் வரைக்கும் அவளோடு போனது நான்தான். சித்தியால் எழுந்திருக்க முடியவில்லை.

நான் திரும்பி வந்து, "எப்ப சொல்லப் போறே?" என்றேன்.

"என்னத்தை?"

"மறந்து போச்சா? 'வீட்டைப் பெருக்கியாச்சு.'"

"முதல்ல ஃபைலை மீட்டுக் குடுக்கறேன். மீட்டுட்டா அவ வேலை தப்பிச்சிடும் இல்ல? அப்பறம் எதுக்குச் சொல்லணும்?"

"மீட்டாலும் அழிச்சவங்கற பேரு அவளுக்குத்தானே சித்தி? அது அப்படியேதானே இருக்கும்?"

"நீ போய்ப் படி" என்றாள். அவள் என்னைப் படி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவ்வளவு மோசமான நிலைமை.

கடையின் மூன்று கம்ப்யூட்டருக்கும் பொதுவான டிஸ்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, துடைத்ததைத் தோண்டினாள். சாப்பாட்டை மேஜையிலேயே வைத்துக் காயவிட்டாள். கம்ப்யூட்டரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. சமையலறையில் அம்மா யாரிடமோ போனில், "ஏதோ கடையில ஒரு பொண்ணு எல்லாத்தையும் அழிச்சிடுச்சாம், என் தங்கச்சிதான் ராப்பகலா உக்காந்து காப்பாத்திக்கிட்டு இருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தி எழுந்து பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. அவள் மெஷினில் ஒரு ஃபைல் செய்து, திறந்ததும் மெயில் அக்காவின் பெயர் திரை முழுக்க வரும்படி ஏதாவது பண்ணலாமா என்று யோசித்தேன். பாதி செய்தும்விட்டேன். பிறகு சித்தி மேஜைமேல் தலையை வைத்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்தேன். கழுத்தில் மை ஒட்டியிருந்தது. எழுதியதை அழித்துவிட்டு, ஆறிப்போன டீயைச் சூடு பண்ணி வைத்துவிட்டு வந்தேன்.

பெரும்பகுதி கிடைத்தது. சிலது பெயர் இல்லாமல், சிலது நடுவில் புழுதி புழுதியாக. அந்தப் பாதிப் புத்தகம் கிடைக்கவே இல்லை. டிஸ்கைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா வா" என்றாள். படி ஏறும்போது என் தோளைப் பிடித்திருந்தாள். படி ஒன்றும் அவ்வளவு செங்குத்து இல்லை.

கடையில் மெயில் அக்காவின் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். புதிய ஆள். அக்கா அவளுக்குப் பின்னால் நின்று, எது எங்கே இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தன் நாற்காலியைத் தானே துடைத்துக் கொடுத்து.

முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். "வாங்கம்மா வாங்க! கிடைச்சிடுச்சா? கிடைக்கும்னு எனக்குத் தெரியும். யாரு கை! டேய், அந்த நாற்காலியை இப்படிப் போடு." பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "பாத்துக்க. இவங்களும் ஒரு பொம்பளைதான். நீ ஒரு நிமிஷத்துல போக்கினதை இவங்க உக்காந்து மீட்டுக்கிட்டு வந்திருக்காங்க. கால்ல விழு."

அக்கா ஒரு அடி முன்னால் வந்தாள். நிஜமாகவே குனியப் போனாள்.

"ஐயோ, வேணாம்" என்றாள் சித்தி. அவ்வளவு சத்தமாக மனிதர்களிடம் அவள் பேசி நான் கேட்டதில்லை. புதிய பெண் அடிப்பதை நிறுத்தினாள். "முதலாளி, அழிச்சது அவ இல்ல. நான்."

முதலாளி சிரித்தார். "நீங்க வீட்ல இல்ல இருந்தீங்க?"

"சிலேட்டுல நான் ஒரு ஓட்டை விட்டுட்டேன். அதனாலதான் போச்சு."

"ஓட்டைன்னா? பொட்டியிலயா?"

"பொட்டியில இல்லீங்க. சாஃப்ட்வேர்ல. ஃபைலோட முதல் வரியில என்ன எழுதியிருந்தாலும் அது செய்யும்..."

"செய்யட்டுமே. நல்லதுதானே?"

வெட்கப்படுவதற்குக்கூடப் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. சித்தி முதலிலிருந்து சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. திரும்பவும் சொன்னாள். இந்தத் தடவை, பெரிய ஆட்கள் இப்படித்தான் பழியைத் தங்கள்மேல் போட்டுக்கொள்வார்கள் என்று அவருக்குப் புரிந்தது. "உங்களுக்கு இளகின மனசும்மா" என்றார். சித்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஓரத்து மெஷினில் காலியாக ஒரு ஃபோல்டர் செய்து, வேண்டாத நாலு பழைய ஃபைல்களை அதில் போட்டாள். அந்த மாணவியின் ஃபைலையும் போட்டுத் திறந்தாள். திரை சிமிட்டியது. நாலும் இல்லை.

"நான் எதையாவது அழுத்தினேனா?" என்றாள். "திறந்தேன், அவ்வளவுதான். அவளும் அவ்வளவுதான் செஞ்சா." பிறகு ஒளிந்திருந்த வரியை எல்லோருக்கும் தெரியும்படி காட்டி, அந்தத் தமாஷ் குறிப்பையும் தானே வாய்விட்டுப் படித்தாள். "இதை எழுதினது நான். பத்திரிகை ஆபீஸுக்கு. இது நான் விட்ட குறிப்பு."

முதலாளி இப்போது சிரிக்கவில்லை.

முதலில் பேசியது அக்காதான். மெதுவாகக் கேட்டாள். "சித்தி, அன்னிக்கு நான் உங்க வீட்டுக்கு வந்தேனே. இதைத் திறந்து பாத்தீங்களே."

"ஆமா."

"அப்பவே தெரியுமா?"

சித்தி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "தெரியும்" என்றாள். "அதுக்கு முன்னாடியே, ஓட்டை இருக்குன்னும் தெரியும். அடைச்சு அனுப்பினேன். சிறு திருத்தம்னு எழுதிட்டேன். வெளிப்படையாச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"பரவாயில்லம்மான்னு சொன்னீங்களே."

சித்தி விரலில் இருந்த மையைத் தேய்த்தாள்.

"இத்தனை நாளா நான் என் கையைத்தான் சித்தி திட்டிக்கிட்டிருந்தேன்" என்றாள் அக்கா. "வீட்ல காய் நறுக்கும்போதுகூட. சனியன் பிடிச்ச கை, சனியன் பிடிச்ச கைன்னு." அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. விரல்களை விரித்து, யாருடையதோ ஒரு பொருளைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். புதிய பெண்ணிடம், "நீ அந்த மூணாவது பொட்டிக்குப் போம்மா" என்றார். அந்தப் பெண் எழுந்து போனாள். "சரி, சரி. உன் இடத்துல நீ உக்காரு. நான் ஏதோ கோவத்துல சொன்னேன்" என்று அக்காவைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, டீ சொல்வதற்காகப் படி இறங்கிப் போனார். டீ சொல்ல முதலாளியே படி இறங்கியதை அந்தக் கடை அன்றுதான் பார்த்திருக்கும்.

அக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"சித்தி, இதை எப்படி எடுக்கறது?"

"எதைம்மா?"

"சிலேட்டை."

"புதுசு இருக்கும்மா, அதுல அந்த ஓட்டை..." என்று தொடங்கிய சித்தி நிறுத்திக்கொண்டாள். பக்கத்தில் போய்க் குனிந்து நின்றாள். "அந்தப் பட்டியல்ல போ. இன்னும் கீழ. அதான். அதை அழுத்து." திரை ஒரு கேள்வி கேட்டது: சிலேட்டை நிச்சயமாக நீக்க வேண்டுமா? அக்கா சித்தியின் முகத்தைப் பார்த்தாள். "ஆமாம்னு குடு" என்றாள் சித்தி. அக்கா கொடுத்தாள். மூன்று மெஷினிலும் இப்படியே, ஒன்றன்பின் ஒன்றாக, சித்தி சொல்லச் சொல்ல அக்கா எடுத்தாள். கடைசி மெஷினில் சொல்லிக் கொடுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனாலும் சித்தி சொன்னாள், அக்காவும் கேட்டுக்கொண்டாள்.

டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை. நான் மட்டும் குடித்தேன். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தால் ஏதாவது குடிப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி புதிய அறிவிப்பு எழுதினாள். ஆறேழு தடவை எழுதி அழித்துக் கடைசியில் சுருக்கமாக நின்றது: 'சிலேட்டில் என் தவறால் பெரிய ஓட்டை இருந்தது. பழைய சிலேட்டில் எந்த ஃபைலைத் திறந்தாலும் உங்கள் கம்ப்யூட்டரில் உள்ளது அழியலாம். ஒரு கடையில் அழிந்துவிட்டது. அழித்தது அங்கே வேலை செய்பவர் அல்ல. இன்றே மாற்றுங்கள், அல்லது நீக்கிவிடுங்கள். முன்பே சொல்லாமல் மறைத்தேன்.' அம்மா அதைப் படித்துவிட்டு, "கடைசி வரி எதுக்குடி? அதையாவது எடுத்துடேன்" என்றாள். சித்தி எடுக்கவில்லை. அம்மா வெங்காயம் இல்லாத நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அனுப்பினால் மட்டும் போதாது, படிக்க மாட்டார்கள் என்று எங்களுக்கு இப்போது தெரியும். அதனால் மறுநாள் காலையிலிருந்து போன். நான் நம்பர் போட்டுக் கொடுப்பேன், அவள் பேசுவாள். ஒருவர் அரை மணி நேரம் திட்டினார். ஒருவர், அது கிடக்கட்டும் சித்தி, பக்க நம்பர் இன்னும் வரலையே என்றார். பத்திரிகை ஆபீஸில் ஒருவர், 'படிச்சு முடிச்சவங்ககிட்டக் குடுத்திருக்கணும்' என்று சொன்னது போனுக்கு வெளியே எனக்கே கேட்டது. சித்தி, "ஆமாங்க" என்றாள்.

எனக்கு அவள் குரல் நன்றாக வரும். வீட்டில் பலரை ஏமாற்றியிருக்கிறேன். "மிச்சத்துக்கு நான் பேசட்டுமா? உன்னை மாதிரியே பேசுவேன். யாருக்கும் தெரியாது" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவள் என் கையைத் தட்டிக் கொடுத்தாள். கையில் மை ஒட்டிக்கொண்டது.

"வேணாம்" என்றாள். "அடுத்த நம்பரைப் போடு."